குடும்பத்தோட குல்மார்க்ல ஸ்கீயிங்: சென்னையில இருந்து கிளம்புறவங்களுக்கு முழு வழிகாட்டி

காஷ்மீர் டூர் போற நம்ம ஊர்க்காரங்க பெரும்பாலும் குல்மார்க்க ஒரே நாள்ல முடிச்சிடுறாங்க. காலையில ஸ்ரீநகர்ல கார் ஏறி, வழியில கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுத்து, கொண்டோலாங்கிற கேபிள் கார்ல மேல போய் நாலு போட்டோ, கீழ வந்து பத்து நிமிஷம் ஸ்கீய மாட்டி ஒருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டு வழுக்கிட்டு, இருட்டுறதுக்குள்ள திரும்பிடுறாங்க. பனிய பாத்த சந்தோஷம் கிடைச்சிடும், ஆனா வீட்ல எல்லாரும் ஸ்கீயிங் கத்துக்கணும்னு ஆசை இருந்தா அந்த பிளான் ஆகவே ஆகாது. பஹல்காம், சோன்மார்க்னு எல்லா இடத்துக்கும் அலையாம குல்மார்க்லயே அஞ்சு ராத்திரி தங்குங்க. எட்டு வயசுப் பிள்ளையும் சரி நாப்பது வயசு அப்பாவும் சரி, சின்ன சரிவுல தானா இறங்கி தானா நிக்கிற அளவுக்கு வந்துடுவாங்க. இந்த வழிகாட்டி முழுக்க அந்த பிளானுக்குத்தான்.

முதல்ல இடத்தப் பத்தி கொஞ்சம். குல்மார்க் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், அதாவது நம்ம ஊட்டியில எது உச்சியோ அது அங்க அடிவாரப் புல்வெளி. அதுக்கு மேல கொண்டோலாவோட முதல் கட்டம் கொங்தூரி வரைக்கும், கிட்டத்தட்ட 3,050 மீட்டர், ரெண்டாவது கட்டம் அஃபர்வாத் மலைத்தோள் வரைக்கும், 4,000 மீட்டர கிட்டத்தட்ட தொட்டுடும். முதல் கட்டம் 1998-லயும் ரெண்டாவது 2005-லயும் ஓட ஆரம்பிச்சுது. வெளிநாட்டுல இருந்து பெரிய பெரிய ஸ்கீயர்ஸ் வர்றது அந்த மேல் மலைக்காகத்தான், நமக்கு வேலை கீழ புல்வெளியில, கோல்ஃப் மைதானத்தச் சுத்தி இருக்கிற மென்மையான சரிவுகள்ல.

எப்ப போறது

இதுதான் நம்ம ஊர் ஸ்கூல் காலண்டரோட மோதுற இடம். அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில வருது, எல்லாரும் அப்பத்தான் டிக்கெட் போடுறாங்க, விலையும் ஏறிடுது, ஆனா அப்ப கீழ சரிவுல ஸ்கீ பண்ற அளவுக்கு பனி இருக்கும்னு உறுதியா சொல்லவே முடியாது. காஷ்மீர்ல டிசம்பர் 21-ல இருந்து 40 நாள் கடுங்குளிர் காலம், சில்லை கலான்னு சொல்லுவாங்க, பெரிய பனி பொதுவா அந்த நாப்பது நாளுக்குள்ள விழுந்து சேரும். அதனால ஜனவரி கடைசி வாரத்துல இருந்து பிப்ரவரி மூணாவது வாரம் வரைக்கும் போறது நல்லது. பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளை வீட்ல இருந்தா அந்த வருஷம் விட்டுடுங்க, சின்ன கிளாஸ் பிள்ளைங்கன்னா ஸ்கூல்ல சொல்லி ஒரு வாரம் லீவு வாங்கிடலாம், என் கருத்துல அது தப்பே இல்ல. பொங்கல் லீவோட நாலு நாள் சேத்துப் போறது அடுத்த சாய்ஸ்.

பனி எந்த வருஷமும் நம்மகிட்ட கேட்டுட்டு விழாது. 2024 ஜனவரியில குல்மார்க் கிட்டத்தட்ட மண்ணும் காஞ்ச புல்லுமா கிடந்துச்சு, மாசக் கடைசியிலதான் பனி வந்துது. 2025-ல அங்க நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியே பனி பத்தாம பிப்ரவரியில இருந்து மார்ச்சுக்குத் தள்ளிப் போச்சு. அதனால ஹோட்டல் புக் பண்ணும்போது கேன்சல் பண்ணா பணம் திரும்ப வர்ற மாதிரி இருக்கிறதத்தான் எடுக்கணும், கொஞ்சம் விலை கூட இருந்தாலும். இன்னொரு காரணமும் இருக்கு. 2025 ஏப்ரல்ல பஹல்காம்ல நடந்த தாக்குதலுக்கு அப்புறம் காஷ்மீர்ல நிறைய சுற்றுலா இடங்கள மூடி வச்சு பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் திறந்தாங்க, நிலைமை எப்படி இருக்குன்னு புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னொரு தடவை பாத்துக்கோங்க.

டிக்கெட், வழி, சிம் கார்டு

சென்னை, கோவை, மதுரை எங்க இருந்து கிளம்பினாலும் பொதுவா டெல்லி வழியாத்தான் ஸ்ரீநகர் போக வேண்டியிருக்கும். குளிர்காலத்துல டெல்லியில காலைப் பனிமூட்டம், ஸ்ரீநகர்ல பனிப்பொழிவு, ரெண்டுமே ஃப்ளைட்ட நிறுத்தி வைக்கும். ரெண்டு ஃப்ளைட்டையும் ஒரே பிஎன்ஆர்ல போடுங்க, முதல் ஃப்ளைட் லேட்டானா அடுத்ததுக்கு மாத்தி விடுறது அவங்க பொறுப்பாயிடும். தனித்தனியா மலிவா வாங்கினா நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது நாமதான், அதுவும் பிள்ளைங்களோட.

போன அன்னைக்கு ஸ்ரீநகர்ல ஒரு ராத்திரி தங்குங்க. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரம், உடம்பு கொஞ்சம் பழகும், நேரா மேல ஏறினா சின்னப் பிள்ளைங்களுக்கு தலைவலி, வாந்தி வர வாய்ப்பு இருக்கு. திரும்பும்போதும் கடைசி ராத்திரிய ஸ்ரீநகர்லயே வச்சுக்கோங்க, ஏன்னா குல்மார்க் ரோடு பனியில மூடினா ஃப்ளைட் போயிடும்.

ஸ்ரீநகர்ல இருந்து குல்மார்க் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதுல தங்மார்க் வரைக்கும் சாதா கார் போகும், அதுக்கு மேல கடைசி 13 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவு ரோடு, பனி இருந்தா டயர்ல சங்கிலி கட்டின வண்டிக்கோ ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கோ மாறணும். இத டிரைவர்கிட்ட கிளம்பும்போதே பேசிடுங்க, மேல போற வண்டி வாடகை சேத்தா சேக்காமலான்னு. தங்மார்க்ல கார நிறுத்தி "கோட்டும் பூட்டும் எடுக்காம மேல விடமாட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. அப்படி ஒரு ரூலும் கிடையாது. உங்ககிட்ட நல்ல ஜாக்கெட் இருந்தா வேண்டாம்னு மரியாதையாச் சொல்லிட்டு கிளம்புங்க.

வெளி மாநில பிரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். வீட்ல ஒருத்தராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிட்டுப் போங்க, இல்லன்னா அங்க போய் ஐடி குடுத்து லோக்கல் சிம் வாங்கணும். ஆதார் ஒரிஜினல் எல்லாருக்கும், குழந்தைங்களுக்கும். ட்ரோன் எடுத்துட்டுப் போகாதீங்க, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு ரொம்பப் பக்கம்.

தங்குற இடம்

தங்மார்க்ல ரூம் மலிவா கிடைக்கும், ஆனா தினமும் காலையில சங்கிலி வண்டிக்குக் காத்து நின்னு மேல போகணும், குழந்தைங்களோட அது பெரிய அலைச்சல், அதனால குல்மார்க்லயே, சரிவுக்கு நடந்து போற தூரத்துல எடுங்க. போன் பண்ணி மூணு விஷயம் நேராக் கேளுங்க: ராத்திரி முழுக்க சூடு இருக்குமா இல்ல பத்து மணிக்கு நிறுத்திடுவாங்களா, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா, வெந்நீர் எந்நேரமும் வருமா. ராத்திரி மைனஸ் பத்துக்கும் கீழ போற ஊர்ல குழாய்த் தண்ணி உறையுறது சாதாரணம். மெத்தை மேல விரிக்கிற எலக்ட்ரிக் பிளாங்கெட் நிறைய இடத்துல தருவாங்க, குளிருக்கு அதுதான் ரொம்ப உதவி.

கேஸ் ஹீட்டரோ விறகு போடுற புகாரி அடுப்போ ரூம்ல இருந்தா தூங்கப் போறதுக்கு முன்னாடி அணைச்சுடணும், ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கணும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடின ரூம்ல தூக்கத்துலயே உயிர் போயிடும், காஷ்மீர்ல குளிர்காலத்துல இப்படிச் செய்தி வந்துகிட்டேதான் இருக்கு. ஹோட்டல்காரர் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாலும் கேக்காதீங்க.

துணிமணி

காட்டன் வேண்டாம். பனியன், ஜீன்ஸ், காட்டன் சாக்ஸ் எதுவுமே வேண்டாம், வியர்வையும் பனியும் பட்டு ஈரமானா காயவே காயாது, உடம்புச் சூட்ட உறிஞ்சிடும். மூணு அடுக்கு போதும்: உடம்போட ஒட்டின தெர்மல், பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ, அதுக்கு மேல ஃப்ளீஸ்னு சொல்ற மெத்துன்னு இருக்கிற சூட்டுத் துணி, அதுக்கு மேல தண்ணி உள்ள போகாத ஜாக்கெட்டும் பேண்ட்டும். நம்ம வீட்ல வழக்கமா நாலு ஸ்வெட்டர் மேல மேல போட்டு விடுவாங்க, மேல தண்ணி புகாத துணி இல்லன்னா அந்த நாலும் நனைஞ்சு கனமாத்தான் தொங்கும். குழந்தை முதல் நாள் ஐம்பது தடவை பனியில உக்காரும், அதனால பேண்ட்தான் முக்கியம், ஜாக்கெட்ட விட. டெகத்லான்ல பனிக்கான பேண்ட், கிளவுஸ் எல்லாம் கிடைக்கும், சைஸ் இல்லாமப் போகும்கிறதால ஒரு மாசம் முன்னாடியே பாத்துடுங்க.

சாக்ஸ் ஒண்ணுதான் போடணும், முழங்கால் வரைக்கும் வர்ற நீள சாக்ஸ். ரெண்டு சாக்ஸ் போட்டா சூடா இருக்கும்னு தோணும், ஆனா ஸ்கீ பூட்டுக்குள்ள அது மடிஞ்சு ரத்த ஓட்டத்த அழுத்தி கால இன்னும் சில்லுன்னு ஆக்கிடும். சின்னப் பிள்ளைங்களுக்கு விரல் தனித்தனியா இருக்கிற கிளவுஸ விட நாலு விரலும் சேந்திருக்கிற மிட்டன் நல்லது, ஸ்பேர் ஒரு ஜோடி கட்டாயம். மங்கி கேப் ஹெல்மெட்டுக்குள்ள நுழையாது, கழுத்துல மாட்டி மூக்கு வரைக்கும் இழுக்கிற பஃப் வாங்குங்க.

வெயில யாரும் கணக்குல எடுக்கிறது இல்ல. புதுப் பனி வெயில்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், உயரமும் சேந்து அரை நாள்ல முகம் கருகிடும், மூக்குக்குக் கீழயும் தாடைக்கு அடியிலயும்கூட. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்க்ரீன ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, லிப் பாம், கண்ணுக்கு யூவி தடுக்குற காகிள்ஸ், இந்த மூணும் ஒவ்வொருத்தருக்கும். தேங்காய் எண்ணெய் அங்க பாட்டில்ல கல்லா உறைஞ்சிடும், வாசலின் எடுத்துட்டுப் போங்க.

பூட், ஸ்கீ, ஹெல்மெட்: அவசரப்படக் கூடாத இடம்

வாடகைக் கடைகள் குல்மார்க்ல நிறைய இருக்கு, நிலைமை கடைக்குக் கடை மாறும். குல்மார்க் போய்ச் சேந்த அன்னைக்கு மதியமே போய் நிதானமா எடுங்க, காலையில கூட்டத்துல நின்னா கையில கிடைச்சத மாட்டி அனுப்பிடுவாங்க. ஸ்கீயிங் வெறுத்துப் போச்சுன்னு சொல்றவங்க பாதிப் பேருக்கு உண்மையான காரணம் பூட்தான்.

பூட் போடுற முறை இப்படி. சாக்ஸ முழுசா இழுத்து சுருக்கம் இல்லாம விடுங்க, தெர்மல் பேண்ட்டோட கால் நுனி பூட்டுக்குள்ள போகக் கூடாது, முழங்கால்கிட்ட மடிச்சு மேல ஏத்திடணும், வெளிப் பேண்ட் பூட்டுக்கு வெளியில வரணும். கால உள்ள விட்டதும் குதிகால தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னாடி ஒட்ட வச்சுட்டு, அப்புறம் கொக்கிகள மாட்டுங்க. நேரா நிமிந்து நின்னா கட்டை விரல் முன்பக்கத்த லேசாத் தொடணும், முழங்கால மடக்கி முன்னாடி சாஞ்சா விரல் பின்னாடி விலகணும், குதிகால் மேல எழும்பவே கூடாது. கணுக்கால் எலும்புல ஒரு புள்ளியில குத்துதுன்னு குழந்தை சொன்னா "பழகிடும்மா"ன்னு சமாதானம் சொல்லாதீங்க, அது பழகாது, வேற பூட் கேளுங்க. பூட்டோட கடைக்குள்ளயே பத்து நிமிஷம் நடக்க விடுங்க. பொம்மை மாதிரி விறைப்பா நடப்பாங்க, குதிகால் முதல்ல வச்சு நடக்கச் சொல்லிக் குடுத்தா ஒரு சுத்துல புடிச்சுடுவாங்க.

ஸ்கீயோட நீளம் புதுசா கத்துக்கிறவங்களுக்கு நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவுல இருந்தாப் போதும். நீளமா இருந்தா வேகம் போகும், திரும்பாது. அப்புறம் பைண்டிங், அதாவது பூட்ட ஸ்கீயோட பிடிக்கிற கிளிப். விழுந்தா அது தானா கழண்டுடணும், இல்லன்னா முழங்கால் முறுக்கிக்கும். எந்த அழுத்தத்துல கழலணும்ங்கிற டின் எண்ண எடை, உயரம், வயசு, பூட்டோட அடி நீளம், ஸ்கீ பண்ணத் தெரிஞ்ச அளவு எல்லாம் பாத்து வைப்பாங்க. கடைக்காரர் உங்க எடையக் கேக்கவே இல்லன்னா நீங்களே சொல்லி ஸ்க்ரூ டிரைவரால திருப்பி வைக்கச் சொல்லுங்க, பழசு துருப்பிடிச்சு திரும்பவே மாட்டேங்குதுன்னா அந்த செட்டே வேண்டாம். பெரியவங்களுக்கும் ஹெல்மெட் உண்டு, பேரமே கிடையாது.

யார்கிட்ட கத்துக்கிறது

அங்க இந்திய அரசோட இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்கீயிங் அண்ட் மவுண்டனியரிங் இருக்கு, நாள் கணக்குல கோர்ஸ் நடத்துறாங்க, கல்லூரிப் பிள்ளைங்களுக்கு அருமையான வழி. ஆனா குடும்பமா ஒரு வாரம் போறவங்களுக்கு தனி இன்ஸ்ட்ரக்டர்தான் ஒத்து வரும். சுற்றுலாத் துறையில பதிவு பண்ண கார்டு இருக்கான்னு பாருங்க, முழு வாரத்துக்கும் ஒரே ஆள வச்சுக்கோங்க, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு மூணு பேருக்கு மேல வேண்டாம். அப்பா அம்மா குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்க முயற்சி பண்ணக் கூடாது, ரெண்டு பக்கமும் கண்ணீர்லதான் முடியும். அஞ்சு வயசுக்குக் கீழன்னா ஸ்லெட்ஜ்ல, அதாவது பனியில இழுத்துட்டுப் போற சறுக்கு வண்டியில, விளையாட விடுங்க. சரிவுல ஸ்லெட்ஜ்காரங்க சுத்தி சுத்தி வருவாங்க, பாவம் அவங்களுக்கு அந்த மூணு மாசம்தான் வருமானம், கோபப்படாம விலைய முன்னாடியே பேசிட்டு ஏறுங்க, இல்லன்னா "நஹி பாய், சுக்ரியா"ன்னு ஒரு தடவை சிரிச்சு சொன்னாப் போதும்.

சரிவுல அஞ்சு நாள்

முதல் நாள் காலையில ஏறக்குறைய சமமா இருக்கிற இடத்துலதான் எல்லாம். பூட் அடியில ஒட்டின பனிய தட்டிட்டுத்தான் பைண்டிங்ல கால வைக்கணும், இல்லன்னா பூட்டாது. ஒரு ஸ்கீ மட்டும் மாட்டி இன்னொரு காலால தள்ளித் தள்ளிப் போறது, அப்புறம் ரெண்டும் மாட்டி பக்கவாட்டுல படி ஏறுற மாதிரி ஏறுறது. விழப் போறோம்னு தெரிஞ்சா பின்னாடி உக்காராம பக்கத்துல சாஞ்சு விழணும், எழும்போது ரெண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்க இருக்கணும், கீழ பாத்து இருந்தா எழும்போதே ஓட ஆரம்பிச்சிடும். ஒன்றரை மணி நேரம் போதும், குழந்தைங்கள சூப் குடுத்து உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க.

மதியம் ஸ்னோப்ளோ. ஸ்கீயோட முன் நுனி ரெண்டும் கிட்ட, பின்பக்கம் அகலமா, பீட்சா துண்டு வடிவத்துல, உள் விளிம்பு பனியக் கடிச்சு வேகம் குறையும். குழந்தைங்களுக்கு இன்ஸ்ட்ரக்டர் பின்னோக்கி ஸ்கீ பண்ணிக்கிட்டே ரெண்டு நுனியையும் கையால சேத்துப் பிடிச்சுக்குவார், "பீட்சா, பீட்சா, படா பீட்சா"ன்னு சத்தம் குடுத்துக்கிட்டே. பாதி சரிவுல கைய எடுத்துடுவார், பிள்ளைக்குத் தெரியாது, அது பாட்டுக்கு வரும், கீழ வந்து நின்னப்புறம்தான் தானா வந்தோம்னு புரிஞ்சு கத்தும். பெரியவங்களுக்கு வர்ற ஒரே பெரிய பிரச்சினை பயத்துல பின்னாடி சாயுறது. சாஞ்ச உடனே ஸ்கீயோட முன்பக்கம் லேசாகி பிரேக்கும் பிடிக்காது, ஸ்கீயும் திரும்பாது. முழங்கால மடக்கி, பூட்டோட முன் நாக்குல முன்னங்கால் எலும்பு அழுந்துற மாதிரி சாஞ்சுகிட்டே இருக்கணும், கை ரெண்டும் முன்னாடி தெரியணும்.

ரெண்டாவது நாள் திருப்பம். இடது பக்கம் போகணும்னா வலது கால அழுத்தணும், அவ்ளோதான், உடம்பத் திருக வேண்டாம், போக வேண்டிய இடத்தப் பாத்தாப் போதும். அன்னைக்கே டிராக் லிஃப்ட், அதாவது நம்மள சரிவுல மேல இழுத்துட்டுப் போற லிஃப்ட், பழகிடலாம், கம்பி மேல உக்காரக் கூடாது, நின்னபடியே இழுத்துட்டுப் போக விடணும், உக்காந்தா கவுத்துடும். மூணாவது நாள் பாதி ஓய்வு எடுங்க, தொடை வலி அப்பதான் உச்சத்துல இருக்கும், 1902-ல கட்டின செயிண்ட் மேரி சர்ச் வரைக்கும் பனியில நடந்துட்டு வாங்க. நாலாவது அஞ்சாவது நாள்ல நிறையப் பேர் நின்னு நிதானமா எஸ் வடிவத்துல இறங்கிடுவாங்க. தைரியம் வந்தவங்கள கொங்தூரிக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு இன்ஸ்ட்ரக்டரே சொல்லட்டும், நாம வற்புறுத்தக் கூடாது.

கொண்டோலா

டிக்கெட் அரசோட கேபிள் கார் கார்ப்பரேஷன் வெப்சைட்ல முன்கூட்டியே, ரெண்டு கட்டத்துக்கும் தனித்தனியா எடுக்கணும். ஏஜெண்ட்கிட்ட கூடுதல் காசு குடுத்து வாங்காதீங்க. காத்து, பனிச்சரிவு அபாயம்னா ரெண்டாவது கட்டத்த மூடிடுவாங்க. ரெண்டாவது கட்டத்துக்கு ஸ்கீயோட போற வேலை இந்தப் பயணத்துல யாருக்கும் வேண்டாம். அங்க சமப்படுத்தின பாதை கிடையாது, திறந்த மலை, 2023 பிப்ரவரியில போலந்து நாட்டு ஸ்கீயர்ஸ் ரெண்டு பேர் அஃபர்வாத் பக்கம் பனிச்சரிவுல செத்துப் போனாங்க, அவங்க அனுபவசாலிகள். சும்மா பாக்கப் போறதும் இதய நோய், ஆஸ்துமா இருக்கிற தாத்தா பாட்டிக்கு டாக்டர் சொல்லாம வேண்டாம், கொஞ்ச நேரத்துல 1,300 மீட்டர் மேல ஏத்திடும். மத்தவங்களும் மேல அரை மணிக்கு மேல நிக்காதீங்க, தலை சுத்தினா உடனே கீழ.

சாப்பாடு, உடம்பு

வெஜ் கிடைக்கும், ராஜ்மா, தால், சாதம், கீரை மாதிரி ஹாக், தாமரைத் தண்டு நத்ரு. பிள்ளைங்களுக்காக புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சின்ன டப்பாவுல நெய், ஊறுகாய் எடுத்துட்டுப் போனா சூடு சாதம் வாங்கி சமாளிச்சிடலாம். தாகமே எடுக்காது, ஆனாலும் வெந்நீர் குடிச்சுகிட்டே இருக்கணும், தலைவலிக்குப் பாதிக் காரணம் தண்ணி பத்தாததுதான். காஷ்மீர் டீ கஹ்வா பிள்ளைங்களுக்கும் பிடிக்கும், உப்பு போட்ட டீ நூன் சாய் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. விரல் நுனியோ மூக்கோ வெளுத்து மரத்துப் போனா தேய்க்காதீங்க, உள்ள போய் வெதுவெதுப்பான தண்ணியில வைங்க.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஸ்கீயிங் சேந்திருக்கான்னு படிச்சுப் பாருங்க, நிறைய பாலிசியில சாகச விளையாட்டு வராது. முழங்கால் முறிஞ்சு ஸ்ரீநகர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா அந்த ஒரு வரிதான் பேசும்.

திரும்புறப்போ ஸ்ரீநகர் ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி போயிடுங்க, கட்டடத்துக்கு ரொம்ப முன்னாடியே வண்டிய நிறுத்தி எல்லா பையையும் இறக்கி ஸ்கேன் பண்ணுவாங்க, அப்புறம் உள்ள மறுபடியும் சோதனை. பனியில ஃப்ளைட் கேன்சல் ஆனா ஜம்மு ரோட்டுல கார் எடுத்து ஓடாதீங்க, நிலச்சரிவுல அதுவும் மூடியிருக்கும். 2025 ஜூன்ல இருந்து ஸ்ரீநகர்-கட்ரா வந்தே பாரத் ரயில் ஓடுது, சீட் கிடைக்குதான்னு முதல்ல அதப் பாருங்க. வாடகை ஸ்கீ, பூட்டெல்லாம் குடுக்கும்போது அட்வான்ஸும் ஐடியும் கையில வாங்கிட்டீங்களான்னு ஒரு தடவை பாத்துடுங்க. அடுத்த வருஷமும் போறதா இருந்தா காகிள்ஸும் கிளவுஸும் சொந்தமா வாங்கி வைக்கலாம், பூட்டும் ஸ்கீயும் வேண்டாம், பிள்ளைங்க கால் அளவு அதுக்குள்ள மாறியிருக்கும்.